குப்புறக் கிடந்த பத்து நாள்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு ‘கிளட்ச் மேடம்’ என்று பெயர். பதினோரு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, “கிளட்ச்... கிளட்ச்... அட புண்ணியவானே, கிளட்ச்சை மிதிங்க!” என்று அவள் போட்ட சத்தம் அந்த ஊரின் பாதிப் பேருக்கு இன்னும் காதில் கிடக்கும். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். நாளடைவில் ‘கிளட்ச்’ கழன்றுபோய் வெறும் மேடம் ஆகிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில், கண்ணாடியைப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுடைய வலது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டியது. வானத்தில் மேகமே இல்லை. மத்தியானம் கண்ணுக்குள் கொசுக்கூட்டம் பறந்தது. கையால் விரட்டினாள், போகவில்லை. புதன்கிழமை மூக்கோரமாக ஒரு கறுப்புத் திரை இறங்கி நின்றது. அந்த வாரம் பன்னிரண்டு மாணவர்களுக்கு ஓட்டுநர் தேர்வு. ‘சனிக்கிழமை தேர்வு முடியட்டும், போய்க் காட்டலாம்’ என்று நாளைத் தள்ளினாள். சனிக்கிழமை பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தேறினார்கள். அன்றைக்கு அவளுக்கு வலது கண்ணில் பாதி உலகம் இல்லை.

கண் மருத்துவமனையில் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

“விழித்திரை கிழிஞ்சு, சுவத்துல ஒட்டின காகிதம் ஈரத்துல உரியற மாதிரி உரிஞ்சிட்டு வருது. மின்னல் தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா லேசர் வச்சு ஓட்டையைச் சுத்தி அடைச்சிருப்பேன். பத்து நிமிஷ வேலை. சாயந்திரம் நீங்க வீட்டுக்குப் போயிருக்கலாம்.”

“இப்ப?”

“இப்ப ஆபரேஷன்தான். கண்ணுக்குள்ள இருக்கிற கூழை எடுத்துட்டு வாயுக் குமிழி ஒண்ணு வைப்போம். குமிழி எப்பவும் மேல போகும் இல்லையா? நீங்க குப்புறக் கிடந்தா அது பின்பக்கமா போய் விழித்திரையைத் தாங்கும். பத்து நாள் குப்புறவே இருக்கணும். மணிக்குப் பத்து நிமிஷம் எந்திரிக்கலாம், அப்பவும் தலை குனிஞ்சபடி.”

“வாயு வேண்டாம்னா?”

“எண்ணெய் வைக்கலாம். இவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனா அதை வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன், இன்னொரு செலவு, இன்னொரு ஆபத்து. குப்புறக் கிடக்க ஆள் துணை இருந்தா வாயுதான் லாபம்.”

“செஞ்சா பார்வை வந்துருமா?”

“பத்துப் பேருக்குச் செஞ்சா எட்டு, ஒன்பது பேருக்கு ஒரே தடவையில ஒட்டிக்கும். ஆனா ஒட்டறது வேற, பார்வை வர்றது வேற. ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்காதீங்க.”

ஆள் துணைக்குத்தான் மேடம் எங்கே போவாள்? கணவன் சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை செய்பவன். கரைக்கு வர இன்னும் ஏழு மாதம். பிள்ளை குட்டி இல்லை. அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம். கப்பலிலிருந்து விட்டுவிட்டுக் கேட்ட குரலில் கணவன் சொன்னான்: “அக்காவை வரச்சொல்லியிருக்கேன். வாயைக் கொஞ்சம் கட்டிக்கிட்டு இரு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

அவனுடைய அக்காவை மேடம் ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவாள். அவளோடு ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. பயிற்சிப் பள்ளியில் மேடம் கால் ஊன்றி நாலு பேர் மெச்சத் தொடங்கியிருந்த சமயம், ஒரு வீட்டு விசேஷத்தில், பந்தியில் எல்லோரும் இருக்கும்போது, “கண்டவனுக்கெல்லாம் கியர் போடக் கத்துக்கொடுக்கிறது ஒரு பொழப்பா?” என்று அண்ணி கேட்டாள். “சட்டையில நூல் தொங்குதான்னு பார்க்கிறதைவிட இது மேல்” என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். அண்ணி முப்பது வருடம் ஆயத்த ஆடை ஆலையில் செக்கராக இருந்தவள். ஆயிரம் சட்டையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவள் விரலும் கண்ணும் அந்த இடத்தில் போய் நிற்கும் என்று ஆலையே சொல்லும். சொல் இரண்டு பக்கமும் தைத்தது, அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணி ஆலையை விட்டு நின்றுவிட்டாள். ‘நின்னு நின்னு இடுப்பு போச்சு’ என்று காரணம் சொன்னதாகக் கேள்வி.

அறுவை சிகிச்சை நல்லபடி நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் திறந்து, நான்கு சொட்டு மருந்துப் புட்டிகளை அண்ணிக்குக் காட்டினாள். “சிவப்பு மூடி மூணு வேளை. பழுப்பு மூடி நாலு வேளை. வெள்ளை மூடி ஆறு வேளை. இந்த மஞ்சள் மூடி காலையிலயும் ராத்திரியும், கண்ணுல அழுத்தம் ஏறாம இருக்க. இதை மட்டும் விட்டுறாதீங்கம்மா.”

“நான் முப்பது வருஷம் செக்கர்” என்றாள் அண்ணி. நர்ஸ் பெட்டியை மூடி அவள் கையில் கொடுத்தாள்.

வாடகைக் காரின் பின் இருக்கையில், முகத்தை முழங்காலில் புதைத்தபடி மேடம் வீடு வந்து சேர்ந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, ஓட்டுபவன் என்ன செய்கிறான் என்று பார்க்க முடியாமல் ஒரு வண்டியில் வந்தாள். இரண்டாம் கியரில் போகவேண்டிய இடத்தில் மூன்றாம் கியரில் போனது சத்தத்திலேயே தெரிந்தது. சொல்லவில்லை.

வீடு என்பது மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அறை வாசற்படியை ஒட்டிய கட்டிலின் கால்மாட்டில் தலை வைத்து, முகம் விளிம்புக்கு வெளியே வரும்படி படுத்தாள். அண்ணி நுரைப்பஞ்சை வட்டமாக வெட்டி, நடுவில் முகத்துக்கு ஓட்டை போட்டு, இரண்டு முக்காலிகள் மேல் வைத்து முட்டுக்கொடுத்தாள். வட்டம் கோணிக்கொண்டு முட்டை மாதிரி வந்திருந்தது. ‘செக்கர் வேலை இவ்வளவுதானா’ என்று மேடத்துக்கு உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம்.

அதற்குப்பின் அவளுடைய உலகம் இரண்டு முழம் தரை. வலது கண்ணில் கட்டு. இடது கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே ஒரு கை தூரம் தெளிவாகத் தெரியும், அதற்குமேல் எல்லாம் கலங்கல். அந்தக் கை தூரத்துக்குள் இருபத்திரண்டு ஓடுகள், அதில் மூன்றில் விரிசல், ஓர் ஓட்டின் மூலையில் யாரோ எப்போதோ சிந்திய பெயின்ட் துளி. முதல் நாள் மாலைக்குள் கழுத்து மரமாகிவிட்டது. மறுநாள் நெற்றி புண்ணாக எரிந்தது. மூக்கில் ஒழுகுவது தரையில் சொட்டும், துடைக்கக் கை எட்டாது. தண்ணீரை ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டும். தூங்கிப்போனால் புரண்டுவிடுவோமோ என்ற பயத்தில் தூக்கமும் அரைகுறை. சிறையில்கூட நிமிர்ந்து உட்கார விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணி என்பது இப்போது ஒரு ஜோடிக் கால். வெடித்த குதிகால், கறுத்த கட்டைவிரல் நகம். கால் வரும், டம்ளர் இறங்கும், கால் போகும்.

“டீ.”

“ம்.”

“சொட்டு மருந்து. சாய்ஞ்சு படு, கண்ணைத் திற.”

“ம்.”

இரண்டு நாள் அவர்கள் பேசியது மொத்தமும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். ஆனால் வேலையில் அண்ணி குறை வைக்கவில்லை. அலாரம் அடித்தால் அடுத்த மூச்சில் கால்கள் வந்து நிற்கும். சொட்டு விடும்போது கை நடுங்காது. உடம்பு துடைத்துவிட்டாள், தலை வாரிவிட்டாள், கழிப்பறைக்குப் போகும்போது குனிந்த தலை கதவில் இடிக்காமல் கையால் அணை கொடுத்தாள். வேண்டாதவள் என்று நினைத்தவள் கையால் இவ்வளவும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அது கழுத்து வலியைவிடப் பெரிய வலி.

மூன்றாம் நாள்தான் மேடம் அந்தக் கால்களைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினாள். வேறு பார்க்க என்ன இருக்கிறது? கூடத்திலிருந்து அறைக்குள் வரும்போது வலது கால் சட்டென்று இறங்காது. கட்டைவிரல் முதலில் வந்து வாசற்படியைத் தொடும், பிறகு கால்மிதியின் விளிம்பைத் தடவும், அதற்குப்பிறகுதான் பாதம் ஊன்றும். தெரியாத தெருவில் முதல் நாள் வண்டி ஓட்டும் மாணவன் பிரேக்கின் மேல் காலை வைத்தே இருப்பானே, அந்த மாதிரி.

நான்காம் நாள் காலையில் சமையலறையில் கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து நொறுங்கியது. பெருக்கித் தள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கால்கள் வந்தன. வெள்ளை ஓட்டில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு.

“அண்ணி, கால்ல ரத்தம்!”

“எங்க?”

“வலது கால். குதிகால்ல கண்ணாடி ஏறியிருக்கு. பளபளன்னு தெரியுது. வலிக்கலையா?”

கால்கள் அசையவில்லை. பிறகு அண்ணி குனிந்து, கையால் தரையைத் தடவினாள். விரல் ரத்தத்துக்கு ஒரு சாண் தள்ளித் தடவியது.

“தூசி ஏதாவது இருக்கும்” என்றாள்.

அந்த ஒரு சாணை மேடம் கவனித்துவிட்டாள். கட்டிலின் விளிம்பிலிருந்து கையை நீட்டி, அவள் பாதத்தைத் தூக்கச்சொல்லிப் பிடித்து, நகத்தால் அந்தச் சில்லை எடுத்தாள். அரை விரல் நீளம். அண்ணி ‘ஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை.

கேட்டிருக்கலாம். ‘உங்களுக்குக் கண்ணு தெரியலையா?’ என்று மூன்றே சொல். ஆனால் கேட்டால் அண்ணி ரோஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போய்விட்டால்? இன்னும் ஆறு நாள். மூன்றாம் மாடி. தலையைத் தூக்கினால் குமிழி நகரும், ஒட்டியது உரியும்.  தன் கண்ணைக் காப்பாற்ற இன்னொருத்தி கண்ணைப் பற்றி மௌனமாக இருந்தாள். இதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் புருவத்துக்குப் பின்னால் ஆணி அடிப்பதுபோல ஒரு வலி தொடங்கியது. தலை பாதி கழன்று விழும்போல இருந்தது. சாப்பிட்டதெல்லாம் தரையில் வாந்தியாக வந்தது.

“ஆபரேஷன் பண்ணின கண்ணு, வலிக்கத்தான் செய்யும்” என்று அண்ணி துடைத்துக்கொண்டே சொன்னாள். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

அப்போதுதான் மேடத்துக்கு அந்த ஒரு சாண் மறுபடி கண்முன் வந்தது.

“அண்ணி, அந்த மருந்துப் பெட்டியை எடுத்து என் முகத்துக்குக் கீழ வைங்க.”

“இப்ப எதுக்கு?”

“வைங்க.”

பெட்டி வந்தது. மேடம் கையை இறக்கி ஒவ்வொரு புட்டியாக எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு மூடி, பாதி. பழுப்பு மூடி, பாதி. வெள்ளை மூடிப் புட்டி அநேகமாகக் காலி. மஞ்சள் மூடிப் புட்டியில் மருந்து கழுத்துவரை நின்றது. அதன் முத்திரை வளையம்கூட உடையவில்லை.

“காலையில மஞ்சள் மூடி போட்டீங்களா?”

“போட்டேனே.”

“இதோ என் கையில இருக்கிறது எந்த மூடி?”

 கால்கள் ஓர் அடி பின்வாங்கின. பிறகு, மேடம் எதிர்பார்க்காத ஒன்றை அண்ணி செய்தாள். முழங்கால் மடக்கி, கையை ஊன்றி, ஈரத் தரையிலேயே மல்லாக்கப் படுத்தாள். ஐந்து நாளாகக் காலாக மட்டும் இருந்தவளின் முகம் மேடத்தின் முகத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. ஆறு வருடத்தில் நன்றாகக் கிழடு தட்டியிருந்தாள். கண்கள் மேடத்தின் மூக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் எங்கோ பார்த்தன.

“வெள்ளையும் மஞ்சளும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது. ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருஷமா! யார்கிட்டயும் சொல்லலையா?”

“சர்க்கரை வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. ஆலையில ஒரு பெட்டிச் சட்டை திரும்பி வந்துச்சு. நான் பாஸ் பண்ணின பெட்டி. சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லல, அடுத்த பெட்டியை மட்டும் வேற ஆள்கிட்ட தள்ளினான். மறுநாள் இடுப்பு வலின்னு நின்னுட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இந்தக் கண்ணுல முழுசா புகை. அந்தக் கண்ணுல நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு.”

“அப்புறம் எதுக்கு அண்ணி எனக்குத் துணைக்கு வந்தீங்க?”

“தம்பி கேட்டான். முடியாதுன்னா ஏன்னு சொல்லணுமே.” அண்ணியின் கண்ணோரம் நனைந்து காதுக்குள் ஓடியது. “என் மாமியாருக்குக் கண்ணு போச்சு. நான்தான் பார்த்துக்கிட்டேன். எப்படிப் பார்த்துக்கிட்டேன்? தட்டுமுட்டுச் சாமானோட ஒரு மூலையில உக்கார வச்சேன். சோறு வைப்பேன், பேச மாட்டேன். எட்டு வருஷம். இப்ப நான் இருக்கிறது கொழுந்தன் வீட்டுப் பின்கட்டு. எனக்குக் கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா அந்த மூலை எனக்குத்தான்.”

மேடத்துக்குக் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது. எது முந்தி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. புருவத்துக்குப் பின்னால் ஆணி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

“முதல்ல எந்திரிங்க. என் போனை எடுங்க. என் முகத்துக்குக் கீழ பிடிங்க, ஆஸ்பத்திரி எண்ணை நானே அழுத்தறேன்.”

மருத்துவமனையில் கண்ணின் அழுத்தம் இருக்கவேண்டியதைப் போல் மூன்று மடங்கு ஏறியிருந்தது. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மயிரிழை போன்ற ஊசியால் டாக்டர் குமிழியிலிருந்து கொஞ்சம் வாயுவை வெளியே எடுத்தார். வலி ஒரு படி இறங்கியதும், மேடத்தைக் குனிந்து உட்கார வைத்துக் கேட்டார்:

“மஞ்சள் மூடி மருந்து ஒரு சொட்டுகூட உள்ள போகல. யாரு மருந்து போட்டது?”

“நான்தான் டாக்டர்” என்றாள் மேடம், தன் மடியைப் பார்த்தபடி. “நானே போட்டுக்கிட்டேன். மாத்திப் போட்டுட்டேன்.”

 பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“பொய் சொல்றா டாக்டர். குப்புறக் கிடக்கிறவ எப்படிப் போட்டுக்குவா? நான்தான் போட்டேன். எனக்குக் கண்ணு சரியில்ல.”

டாக்டர் திட்டவில்லை. அண்ணியை அப்படியே எதிர் நாற்காலிக்கு மாற்றி, கண்பாவையை விரிக்கும் மருந்து விட்டு, முக்கால் மணி கழித்துப் பார்த்தார். மேடத்துக்கு அந்த அறையில் தெரிந்ததெல்லாம் ஒரு கருவியின் சக்கரக் கால், டாக்டரின் காலணி, குதிகாலில் துணி சுற்றிய ஒரு பாதம். 

“சர்க்கரையால இடது கண்ணுல ரத்தம் கசிஞ்சு, தழும்பாகி இழுத்துடுச்சு. அதுல நான் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது” என்றார் டாக்டர். “வலது கண்ணு இன்னும் கைவிட்டுப் போகல. லேசர் மூணு தடவை, அப்புறம் மாசம் ஒரு ஊசி, ஒரு ஆறு மாசம். போனது வராது. இருக்கிறது நிக்கும்.”

செலவு விவரம் சொல்ல ஓர் ஆலோசகப் பெண் வந்தாள். அண்ணி அவளைப் பேசவே விடவில்லை. “அறுபது வயசுக் கண்ணு. இதுக்கு மேல நான் என்ன சட்டை செக் பண்ணப் போறேனா? இந்தச் செலவுக்கு என்ன வரவு?”

ஆலோசகப் பெண்ணுக்கு இது தினப்படி கேட்கும் பாட்டு போலிருக்கிறது. “அம்மா, இந்த லேசரை அஞ்சு வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா இப்ப ஆகறதுல கால்வாசிகூட ஆகியிருக்காது. இன்னும் ஒரு வருஷம் விட்டா இதைப்போல பத்து மடங்கு ஆகும், கிடைக்கிறது பாதிகூட இருக்காது. அப்புறம் உங்களைப் பார்த்துக்க ஒரு ஆள். அவங்க வேலையை விட்டு வரணும். அதையும் கூட்டிப் பாருங்க.”

“ஆள் வேண்டாம். நான் ஒரு மூலையில கிடப்பேன்.”

“மூலை சும்மா கிடைக்காது அண்ணி” என்றாள் மேடம் தரையைப் பார்த்தபடி. “நான் ஆறு நாள் பொறுத்தேன், பத்து நிமிஷ வேலை இங்க வந்து நிக்குது. நீங்க ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு. போய் உக்காருங்க, இல்லன்னா நான் இப்பவே நிமிர்ந்துருவேன்.”

“நிமிர்ந்துராதே!” என்று அண்ணி பதறினாள். மிரட்டல் பலித்தது. முதல் லேசர் அன்றைக்கே நடந்தது. கதவுக்கு வெளியே குனிந்து உட்கார்ந்திருந்த மேடத்துக்கு ‘டிக், டிக், டிக்’ என்ற சத்தமும், இடையிடையே “அசையாதீங்கம்மா” என்பதும் கேட்டன.

மிச்சம் ஐந்து நாளையும் அந்த இரண்டு பேரே ஓட்டினார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? புட்டிகளின் கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டினார்கள். மஞ்சள் மூடிக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு, பழுப்புக்கு மூன்று, வெள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் புட்டி மேடத்தின் முகத்துக்குக் கீழே வரும், அவள் “சரி” என்பாள், அதற்குப்பிறகுதான் சொட்டு விழும். பேச்சும் வந்தது. அன்பான பேச்சு என்று சொல்ல முடியாது. “நீ அன்னைக்குப் பந்தியில சொன்னது எனக்கு இன்னும் ஆறல.” “நீங்க முதல்ல சொன்னது மட்டும் தேனா?” இப்படித்தான். ஆனால் ஐந்து நாள் வாயடைத்துக் கிடந்தவளுக்குச் சண்டைகூட ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது.

பதினோராம் நாள் மேடம் நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். ஆனால் விடுதலை என்று நினைத்தது விடுதலையாக இல்லை. கண்ணுக்குள் குமிழி ஆடியது, தண்ணீர் டம்ளர் வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல. வாயு கரைந்து முடிய ஏழு வாரம். குமிழி பட்டாணி அளவாகச் சிறுத்து ஒரு காலையில் காணாமல் போனபோது, விழித்திரை ஒட்டியிருந்தது. டாக்டர் சொன்ன எட்டு, ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. பார்வைதான் முழுசாக வரவில்லை. கதவின் நிலை வளைந்து தெரிந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போனது. வரவேண்டிய வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணக்கு சிக்கவில்லை.

பயிற்சியாளர் உரிமத்துக்கு இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பரிசோதனை அட்டையின் ஆறாவது வரிவரை படிக்க வேண்டும். இடது கண் எட்டுவரை படித்தது. வலது கண் மூன்றோடு நின்றது. அதிகாரி விண்ணப்பத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி நல்ல மனுஷர். “வகுப்பறையில சாலைக் குறியீடு பாடம் எடுங்க மேடம். சம்பளம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்” என்றார். மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பழைய வண்டியை ஒரு புதுப் பையன் கற்றுக்கொடுக்க எடுத்துப் போவான். கிளட்ச் அலறும் சத்தம் கேட்கும். அவள் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அழுத்தம் ஏறிய அந்த நாட்களில் பார்வை நரம்பு அடிபட்டதா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டாள். “கொஞ்சம் அடிபட்டிருக்கு. ஆனா நீங்க வந்தப்பவே விழித்திரையோட நடுப்பகுதியும் உரிஞ்சிருந்துச்சு. எது எவ்வளவு எடுத்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது” என்றார் டாக்டர். அந்தப் பதிலோடு அவள் வீட்டுக்கு வந்தாள், யாரையும் முழுசாகத் திட்ட முடியாமல், யாரையும் முழுசாக மன்னிக்கவும் முடியாமல். கப்பலில் இருந்தவனுக்கு மஞ்சள் மூடியைப் பற்றி அவள் சொல்லவில்லை. அண்ணிதான் ஒரு நாள் போனில் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அண்ணி கொழுந்தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஊசி போடும் தேதி முடியட்டும் என்று தங்கினாள். வாரம் ஒரு முறை, “இந்த மாசத்தோட கிளம்பறேன்” என்பாள்.  மேடத்துக்கு இருக்கச்சொல்லவும் வாய் வரவில்லை, போகச்சொல்லவும் வாய் வரவில்லை.

நான்காவது ஊசிக்குக் காத்திருந்த அன்று, மருத்துவமனை நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி கேட்டாள்:

“ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு. உன் வண்டி போனது என்னாலயா?”

“டாக்டருக்கே தெரியல அண்ணி.”

“டாக்டரை நான் கேக்கல. நீ என்ன நினைக்கிற?”

 ஆறுதலாக ஒரு பொய் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் பக்கத்தில் இருப்பவள் அந்த டாக்டர் அறையில் பொய்யை உடைத்தவள்.

“சில நாள் உங்களாலதான்னு தோணும். அன்னைக்கு உங்க டம்ளர்ல டீ ஊத்தறதுக்குக்கூடக் கை வராது. சில நாள், பன்னிரண்டு பேரு பாஸாகணும்னு ஆறு நாள் இழுத்தடிச்சேனே, என்னாலதான்னு தோணும். அப்புறம் அந்தக் கண்ணாடிச் சில்லு. அன்னைக்கே எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க போயிடுவீங்கன்னு பயந்து கேக்காம இருந்துட்டேன். அதுவும் இருக்கு.”

அண்ணி தலையை ஆட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. “நீ டீ ஊத்தாத நாள் எனக்குத் தெரியும்” என்றாள். “நானே ஊத்திக்குவேன்.”

உள்ளேயிருந்து நர்ஸ், “அடுத்தது யாரு?” என்று கேட்டாள். அண்ணி எழுந்து, துணைக்குக் கையை நீட்டினாள். அது மேடத்தின் தோளைத் தாண்டிக் காற்றில் நின்றது. மேடம் அதைப் பிடிக்கப் போனாள். கணக்குத் தப்பி, நாலு விரல் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தாள். இரண்டாம் தடவை கை அகப்பட்டது.